ஹவுஸ்ஃபுல்லின் சாயங்காலங்கள்

இரண்டு நாடுகள் எப்படி நண்பர்களாகின்றன என்று யாராவது என்னைக் கேட்டால், பெரிய பெரிய விஷயமெல்லாம் சொல்லமாட்டேன். நாற்காலிகளை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் நாட்டிலிருந்து ஒரு குழு வந்து பாடும். அரங்கம் நிரம்பியிருந்தால் நட்பு வளர்ந்தது என்று அறிக்கை எழுதுவோம். பாதி காலியாக இருந்தால் அன்று மழை என்று எழுதுவோம். அடுத்த வருஷம் நம் குழு அங்கே போகும். அங்கேயும் யாரோ ஒருத்தி நாற்காலி நிரப்ப நாயாய்ப் பேயாய் அலைந்திருப்பாள். அவளை நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் இருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இங்கே அலைகிறவள் என் பக்கத்து மேஜைக்காரி. கலாசாரத் துறையில் வெளிநாட்டு உறவுகளைப் பார்க்கும் பிரிவு எங்களுடையது. மூன்றாம் மாடியில், ஜன்னல் திறந்தால் ஜெனரேட்டர் புகை வருகிற அறை. என் வேலை வண்டி, விடுதி, விமான டிக்கெட். அவள் வேலை ஆள் சேர்ப்பது. ஆபீசில் அவளுக்கு ஹவுஸ்ஃபுல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. டைரக்டர் வெளிநாட்டு விருந்தாளிகளிடம்கூட அப்படித்தான் அறிமுகம் செய்துவைப்பார், ஏதோ பட்டம் கொடுத்தமாதிரி. நான் மட்டும் அக்கா என்பேன். அவள் என்னைவிட ஆறேழு வருஷம் மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பாவோடு இருந்தாள்.

ஒப்பந்தம் ஒப்பந்தம் என்கிறார்களே, அது பிறக்கிற விதம் சுவாரசியமானது. எங்கோ ஒரு மாநாட்டில் இரண்டு அமைச்சர்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். பேச ஒன்றும் இருக்காது. நம் கலைஞர்களைப் பரிமாறிக்கொண்டால் என்ன என்று ஒருத்தர் சொல்வார், ஆகா என்று இன்னொருத்தர் கையைக் குலுக்குவார். அந்த ஒரு வரி எங்கள் பிரிவுக்கு வந்து சேரும்போது ஒரு கட்டுக் காகிதமாக வீங்கியிருக்கும். எத்தனை பேர் வந்தால் எத்தனை பேர் போக வேண்டும், வாத்தியம் உடைந்தால் யார் பொறுப்பு, சாப்பாடு யார் தலையில், இரண்டு கொடிக்கம்பமும் ஒரே உயரமா? இதற்கே மாதக்கணக்கில் இழுபறி நடக்கும். எல்லாம் முடிந்து மேஜையில் உட்காரும்போது பேனா எழுதாது. மாற்றுப் பேனா என் கைப்பையில் இருக்கும். இரு நாட்டு உறவுக்கு நான் செய்திருக்கும் தொண்டு அதுதான்.

ஹவுஸ்ஃபுல்லின் தொண்டு வேறு மாதிரி. காலையில் வந்ததும் போனை எடுத்தால் மதியம்வரை காதிலிருந்து இறக்கமாட்டாள். நர்சிங் காலேஜ், போலீஸ் பயிற்சிப் பள்ளி, அரசு மாணவியர் விடுதி, டைப்பிங் இன்ஸ்டிட்யூட். பிரின்சிபால்களிடம் ஒருத்தரிடம் கெஞ்சுவாள், ஒருத்தரிடம் மிரட்டுவாள், ஒருத்தரிடம் குடும்ப நலம் விசாரித்தே காரியத்தைச் சாதிப்பாள். பிள்ளைகளுக்கு ஒரு சான்றிதழ், ஒரு டீ, ஒரு பிஸ்கட் பொட்டலம். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் அவர்களை உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுப்பாள். சட்டம் இரண்டே இரண்டு.

"நான் கைக்குட்டைய எடுத்தா கைதட்டணும். முன்வரிசை எழுந்தா எல்லாரும் எழணும். ஏன், எதுக்குன்னு யோசிக்க வேண்டாம். புரிஞ்சுதா?"

முன்வரிசைச் சட்டம் தேசிய கீதத்துக்காக வந்தது. அடுத்தவர்களின் கீதம் எது, வெறும் பாட்டு எது என்று நம் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை ஒரு நாட்டுக் கீதத்துக்கு அரங்கமே சாவகாசமாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றது. அந்தத் தூதர் முகம் போன போக்கை இன்னும் ஆபீசில் நடித்துக் காட்டுவார்கள். அதற்கப்புறம்தான் இந்தச் சட்டம்.

இடது பக்கக் கதவை ஒட்டிய தூண்தான் அவள் இடம். செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய கால்களைக் குளிர்ந்த தரையில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்பாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ நாட்டுப் பாட்டும் ஆட்டமும் அவள் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கின்றன. மேடையை அவள் பார்த்ததே இல்லை. எந்த வரிசையில் யார் தூங்குகிறார்கள், எவன் நழுவப் பார்க்கிறான் என்று முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். இன்று என்ன ஆடினார்கள் என்று கேட்டால், "நல்லா ஆடினாங்கன்னு நினைக்கிறேன், நாலாவது வரிசை சிரிச்சுது" என்பாள்.

இந்த உத்தியோகத்தில் ஒரு கஷ்டம், எல்லாமே சாயங்காலத்தில்தான் நடக்கும். உலகத்தில் எந்த நாடும் காலை பத்து மணிக்குப் பாடி நட்பு வளர்ப்பதில்லை.

அவள் அப்பாவுக்கும் சாயங்காலம்தான் கஷ்டம்.

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. காலையில் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். பேப்பரைத் தலைகீழாக இல்லாமல் நேராகவே பிடித்துப் படிப்பார், மகள் கட்டியிருக்கும் புடவை நன்றாக இருக்கிறது என்பார், அரசாங்கத்தைத் திட்டுவார். வெயில் இறங்க ஆரம்பித்ததும் ஆள் மாறிவிடுவார். கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடப்பார். டெப்போவில் கணக்கு ஒப்படைக்கவில்லை, டிரைவர் காத்துக்கொண்டிருக்கிறார், எல்லோரும் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று புலம்புவார், கை நடுங்கும், சின்னப்பிள்ளைபோல அழுவார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் மட்டும் மெல்ல மெல்ல அடங்குவார். மருந்தெல்லாம் இருந்தது. ஆனால் அந்தக் கை செய்த வேலையை மருந்து செய்யவில்லை.

பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருவாள். சாயங்காலம் அவளுக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். கெஞ்சினால் நிகழ்ச்சி நாட்களில் கூடுதலாக இருப்பாள், ஆனால் மறுநாள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். தம்பி ஒருத்தன் உண்டு. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வந்து, அப்பாவை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அக்காவுக்குப் பாடம் எடுப்பான். அவனைப் பற்றி நான் வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது, விடுங்கள்.

ஆகவே அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மாற்றல். எங்கள் கட்டடத்திலேயே தரைத்தளத்தில் ஆவணப் பிரிவு இருக்கிறது. பத்து மணிக்குப் போனால் ஐந்து மணிக்கு வரலாம். அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. சம்பள உயர்வு வேண்டாம், பதவி உயர்வு வேண்டாம், சாயங்காலம் மட்டும் போதும் என்று டைரக்டரிடம் போய் நின்றாள். கூட நானும் போனேன், அவளுக்கு வாய் பேசத் தெரியாது என்பதற்காக அல்ல, தனக்காகப் பேசத் தெரியாது என்பதற்காக.

டைரக்டர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

"உங்க நிலைமை எனக்குப் புரியுதும்மா" என்றார். "குளிர்நாட்டுக்காரங்களோட ஒப்பந்தம் மட்டும் முடியட்டும். அந்த நிகழ்ச்சிக்கு அரங்கம் நிறையணும், அமைச்சரே வர்றார். அது நல்லபடியா முடிஞ்சா மறுநாளே உங்க பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

"கண்டிப்பா போடுவீங்களா சார்?" என்று நான் கேட்டேன்.

"என்னம்மா, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்து வைத்தோம்.

குளிர்நாட்டுக்காரர்கள் என்பது நாங்கள் வைத்த பெயர். வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் தூரதேசம். அவர்களோடு முன்பிருந்த ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது. புதிதாக ஐந்து வருஷத்துக்குப் போட இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டிருந்தன. கையெழுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர்களுடைய இசைக்குழு வாசிக்கும். அக்கா அந்த வாரம் பம்பரமாகச் சுழன்றாள். போலீஸ் பயிற்சிப் பள்ளி முழுசாக வருகிறது என்று உறுதியானதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆவணப் பிரிவுக்குக் கீழே போய், தனக்கு வரப்போகிற மேஜையைப் பார்த்துவிட்டு வந்தாள். ஜன்னல் பக்கமாம், புகை வராதாம்.

அன்று மதியம் பகல்நேர அம்மாவிடமிருந்து போன். அவள் மகளுக்குக் காய்ச்சல், சாயங்காலம் இருக்க முடியாது. அக்கா போனை வைத்தாள்.

"நான் வேணா போய் வீட்ல உக்காரட்டுமாக்கா?" என்றேன்.

"நீ போனா விருந்தாளிங்க வண்டிய யாரு பாக்கிறது? நடந்தே வரச்சொல்வியா?" என்றாள். "அப்பாவையே கூட்டிட்டு வந்துடறேன். என் கண்ணுக்கு எதிர்ல இருந்தா சமாளிச்சுடலாம்."

இஸ்திரி போட்ட சட்டையும், அவள் அவசரத்தில் கட்டிவிட்ட கடிகாரமுமாக அவர் வந்தார். முன்வரிசையின் இடது கோடியில் ஒரு நாற்காலி காலி. ஏதோ ஒரு செயலாளர் வழக்கம்போல வராமல் போயிருந்தார். தூணுக்கு மிக அருகில் இருந்தது அது ஒன்றுதான். அங்கே அவரை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்திலேயே அவள் நின்றுகொண்டாள். நானும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். இரண்டு தேசிய கீதமும் முறையாக நடந்தன. முன்வரிசை எழுந்தது, அரங்கமே எழுந்தது. அமைச்சர் திரும்பிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

ஐந்து பேர் கொண்ட குழு அது. எல்லோரும் வயசானவர்கள், கம்பளி அங்கி, முகமெல்லாம் சுருக்கம். நீண்ட கழுத்துள்ள ஒரு நரம்புக் கருவி, ஆள் உயர ஊதுகுழல், சின்ன வெண்கல மணி ஒன்று. வாசிப்பு மெதுவாக, ரொம்ப மெதுவாகப் போனது. பயிற்சிப் போலீஸ்காரர்கள் கண்ணைப் பிளந்து வைத்துக்கொண்டு தூங்குவதில் கெட்டிக்காரர்கள், அதனால் பிரச்சினை இல்லை. அப்பாவும் சமர்த்தாகத்தான் இருந்தார். ஆனால் மேலே இருந்த கண்ணாடி ஜன்னல்களில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அவர் கை சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பித்ததை அக்கா கவனித்துவிட்டாள். ஒரு அடி முன்னால் வைத்தாள்.

அதற்குள் மேடையில் எல்லா வாத்தியமும் நின்றது. ஒரு கிழவர் அந்த மணியை ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

கண்டக்டராக ஆயுசைக் கழித்தவருக்கு ஒற்றை மணி என்றால் வேறு அர்த்தமே கிடையாது, வண்டி நிற்கிறது. அப்பா சட்டென்று எழுந்து நின்றார். "இறங்கறவங்கல்லாம் பார்த்து இறங்குங்க" என்று முணுமுணுத்தார். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்டது. அவர் எழுந்ததை மட்டும் அரங்கமே பார்த்தது. முன்வரிசை எழுந்துவிட்டது அல்லவா? போலீஸ் பயிற்சிப் பள்ளி ஒரே சமயத்தில் எழுந்தது. அதைப் பார்த்து நர்சிங் காலேஜ், அதைப் பார்த்து விடுதி மாணவிகள். பின்னால் இப்படி ஓர் ஓசை கேட்டதும் அமைச்சரும் எழுந்தார், அமைச்சர் எழுந்ததால் டைரக்டரும். ஏன், எதுக்கு என்று யோசிக்க வேண்டாம் என்று அவள்தானே சொல்லிவைத்திருந்தாள்.

போச்சு, எல்லாம் போச்சு, மாற்றலும் போச்சு என்று நினைத்தேன். அக்கா ஓடிப்போய் அப்பா கையைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்டாப் இன்னும் வரலப்பா, உக்காருங்க" என்று காதில் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். அரங்கமும் உட்கார்ந்தது. மேடையில் இருந்த கிழவர்கள் கொஞ்ச நேரம் வாசிக்காமலே இருந்தார்கள். ஊதுகுழல்காரர் அங்கியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் குளிர்நாட்டுத் தூதர் நேராக டைரக்டரிடம் வந்தார். மொழிபெயர்ப்பாளர் திக்கித் திக்கிச் சொன்ன விஷயம் இது. அந்த மணி, பனியில் வழி தவறிச் செத்தவர்களுக்காக அடிப்பது. அவருடைய சின்ன வயசில் அந்த மணி கேட்டால் ஊரே எழுந்து நிற்குமாம். இப்போது அவர்கள் தலைநகரத்திலேயே யாரும் எழுவதில்லை, அப்படி ஒரு வழக்கம் இருந்தது என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. இவ்வளவு தூரத்தில், இத்தனை இளைஞர்கள், முன்வரிசையில் ஒரு பெரியவர் வழிகாட்ட, ஒரே நேரத்தில் எழுந்தார்களே! தங்களைப் பற்றி இவ்வளவு ஆழமாகப் படித்து இதை ஏற்பாடு செய்த அதிகாரி யார்?

டைரக்டர் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. ஹவுஸ்ஃபுல்லை முன்னால் நிறுத்தினார். தூதர் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் இன்னொரு கையால் அப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா தூதரிடம், "சில்லறை இருந்தா கொடுங்க" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை, வாழ்த்துகள் என்று மொழிபெயர்த்தார். நல்ல மனுஷன்.

வெளியே வந்ததும் நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்டச் சிரித்தோம். "நாளைக்குக் கையெழுத்துடி" என்றாள். அவள் என்னை டி போட்டுப் பேசியது அன்றுதான் முதல்முறை.

மறுநாள் கையெழுத்து நடந்தது, ஒப்பந்தத்தில். பேனா எழுதியது. ஆனால் காலையில் குளிர்நாட்டுக்காரர்கள் ஒரு பக்கம் புதிதாகச் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். ஐந்து வருஷமும் தவறாமல் இரு நாட்டிலும் நட்புறவு மாலை நடத்தப்படும், இங்கே அதை ஒருங்கிணைக்கும் பொறுப்பு இன்ன அதிகாரிக்கே, அதுவரை அவரை இந்தப் பிரிவிலிருந்து மாற்றக்கூடாது என்று. பெயர் போட்டே எழுதியிருந்தது. அமைச்சர் மிகப் பெருமையாக ஒப்புக்கொண்டாராம். அந்த ஓர் அதிகாரி இல்லாவிட்டால் இந்த உறவே இல்லை என்று பேச்சில்கூடச் சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குக் கைக்குட்டை தேவைப்படவில்லை.

டைரக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது.

"என் கையில இல்லம்மா இப்ப" என்றார். "இது ரெண்டு நாட்டு விஷயமாயிடுச்சு. உங்கள மாத்தணும்னா அவங்கள எழுதிக் கேட்கணும். அவங்க சங்கடப்படுவாங்க. அஞ்சு வருஷம்தானே? கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

"அவங்க அப்பாவுக்கு அஞ்சு வருஷம் இருக்கான்னு யாரக் கேட்கணும் சார்? அதுக்கும் தூதருக்கு எழுதணுமா?" என்றேன். வாய் கொழுப்புதான். அன்றைக்கு எனக்கு அது குறையவில்லை.

அக்கா என் கையைத் தொட்டாள். "விடு. அவர் என்ன பண்ணுவார்" என்று எழுந்தாள். மேஜைக்கு வந்து, போனை எடுத்து, டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு நம்பர் போட்டாள். அடுத்த வாரம் வேறொரு நாட்டுக்காரர்கள் பொம்மலாட்டத்துக்கு வருவதாக இருந்தது. அன்று அவள் குரலில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். இருபது வருஷப் பழக்கம்.

அதற்கடுத்த மாதங்களில் ஒரு நிகழ்ச்சி நாளன்று அப்பா வீட்டைவிட்டு இறங்கிவிட்டார். பகல்நேர அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஆள் இல்லை. அக்கா தூணடியில் போனை ஊமையாக்கி வைத்திருந்ததால் விஷயம் தெரியவே நேரமாகிவிட்டது. கடைசியில் பஸ் டெப்போவில், ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு காலி வண்டியின் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாராம். அங்கே இருந்த டிரைவர்கள் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். காலில் செருப்பில்லை. கட்டைவிரல் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. அதற்கப்புறம் பகல்நேர அம்மா வேலையைவிட்டு நின்றுவிட்டாள், பழி தன் தலையில் விழுமென்ற பயம்.

நகரத்தின் அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்த அன்று நானும் போனேன். சுத்தமான இடம், குறை சொல்ல முடியாது. பினாயில் வாசனை, ஜன்னலோரம் கட்டில், கட்டிலுக்கு மேல் அவர் பெயர் எழுதிய அட்டை. காலைநேரம் ஆகையால் அவர் தெளிவாக இருந்தார். "நல்லாத்தாம்மா இருக்கு, நீ கவலப்படாம ஆபீசுக்குப் போ" என்று அவர்தான் அவளுக்குத் தைரியம் சொன்னார். ஆறுதல் சொல்லும் வேலை எனக்கு வராது.

தினமும் காலையில் ஆபீசுக்கு வருமுன் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். முதலில் அவருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. அப்புறம் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. சாயங்காலம் எப்படி இருக்கிறார் என்று அங்கே இருக்கும் நர்ஸைக் கேட்பாள். "இருக்காரு மேடம்" என்பாளாம் நர்ஸ். அந்த ஒரு வார்த்தையில் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்பாள். எனக்கு என்ன தெரியும்?

ஒரு வருஷம் ஓடிப்போய், முதல் நட்புறவு மாலை வந்தது. குளிர்நாட்டிலிருந்து இந்தத் தடவை பாடகர்கள். இரண்டு நாள் முன்னால் போலீஸ் பயிற்சிப் பள்ளி கையை விரித்துவிட்டது. எங்கோ பாதுகாப்பு வேலைக்கு அத்தனை பேரையும் அனுப்பிவிட்டார்களாம். அரங்கத்தின் நடுப்பகுதி மொத்தமும் காலி. டைரக்டர் முகம் வெளுத்துப்போனது. அக்கா பதறவே இல்லை.

"எனக்கு ஒரு பெரிய வண்டி வேணும்" என்றாள் என்னிடம். "படிக்கட்டு தாழ்வா இருக்கணும். வயசானவங்க ஏறணும்."

"எங்கேருந்துக்கா?"

"இல்லத்துலேருந்து." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "வெளிய கூட்டிட்டுப் போங்கன்னு அங்க இருக்கிறவங்க ரொம்ப நாளா கேட்டுட்டுதான் இருக்காங்க. சீட்டும் நிறையும். எனக்கும் ஒரு சாயங்காலம் அப்பா இருக்கிற இடத்துல இருந்தாப்ல ஆகும். நீ ஒண்ணும் சொல்லாத."

இருப்பதிலேயே நல்ல வண்டியாகப் பார்த்து அனுப்பினேன்.

ஆனால் வேலை அவளை விட்டால்தானே? வண்டி வந்து நின்றபோது மைக் வேலை செய்யவில்லை என்று அவள் மேடையில் இருந்தாள். முதியவர்களைக் கைத்தாங்கலாக இறக்கி நான்தான் உட்காரவைத்தேன். அப்பாவை நடைபாதையை ஒட்டிய நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து நாற்காலியில் என் கைப்பையைப் போட்டு இடம் பிடித்தேன். யாரோ தலை சீவிவிட்டிருந்தார்கள், வகிடு மாறிப்போயிருந்தது. அக்காவோ அமைச்சர் தாமதம் என்று வாசலுக்கு ஓடினாள், பூங்கொத்து வரவில்லை என்று பின்கதவுக்கு ஓடினாள். பாதி நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் பக்கம் வர முடிந்தது. மேலே ஜன்னல்கள் இருட்டியிருந்தன. அவர் நடுங்கவில்லை, அழவில்லை. கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வந்தால் அழுவதுகூட அவருக்கு மறந்துவிட்டிருந்தது.

அவள் குனிந்ததும் நிமிர்ந்து பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார்.

"நீங்கதான் இங்க எல்லாத்தையும் பாத்துக்கிறவங்களாம்மா?"

அப்பா என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள். "ஆமாங்க" என்றாள்.

"வந்ததுலேருந்து பாக்கறேன், உக்காரவே மாட்டேங்கறீங்களே."

"வேலைங்க."

"எம் பொண்ணும் இப்படித்தாம்மா" என்றார் அவர். பாட்டுக்கு இடைஞ்சலாகக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவளுக்கும் கவர்மெண்ட் உத்தியோகம். சாயங்காலம் ஆனா வர முடியாது, பாவம். நான் ஒண்ணும் கேட்டுக்கறதில்ல. கேட்டா அவ மனசு கஷ்டப்படும் பாருங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் எழுதப்போவதில்லை. என் கைப்பையை எடுத்துக்கொண்டேன். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபது வருஷத்தில் அந்த அரங்கத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. மடியில் இருந்த அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். முன்பின் தெரியாத பெண் கையைப் பிடிக்கிறாளே என்று அவர் கூச்சப்படவில்லை. பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு மேடையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

பாட்டு முடிகிற கட்டம். டைரக்டர் குனிந்தபடியே நடைபாதை வழியாக என்னிடம் வந்தார்.

"எங்கம்மா அவங்க? பூங்கொத்து கொடுக்கணும், தூதர் வேற கேட்கறார். தூண்கிட்ட ஆளையே காணோமே?"

அவர் நின்ற இடத்துக்கும் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டேன்.

"அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க சார்" என்றேன்.